கடலாமை 'நிச்சயம்' கண்ணில் படும் என்கிறார்களே, நம்பலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஜனவரியில் இரண்டு வாரம் விடுப்பு இருக்கிறது. பத்து வயது மகனும் வருகிறான். உங்களுக்கு நீந்தத் தெரியாது. கடலாமையைத் தொட்டியில் அல்ல, அது வாழும் இடத்திலேயே பார்க்க ஆசை. 'நூறு சதவீதம் நிச்சயம்' என்று ஒரு சுற்றுலா விளம்பரம் சொல்கிறது. நம்பலாமா, இல்லையென்றால் எங்கே போகலாம்? மேலோட்டமாகப் பார்த்தால் ஊர்ப்பெயர் கேட்கிற கேள்வி. உண்மையில் கேட்பது வேறு: இவ்வளவு தூரம் போய் மகன் ஏமாந்து திரும்பக்கூடாது, அதற்காக ஆமையைத் தொல்லைப்படுத்தவும் மனம் ஒப்பவில்லை. இரண்டும் ஒன்றாக நடக்குமா? நடக்கும். ஆனால் அந்த 'நிச்சயம்' எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஆமைகள் முட்டையிடும் கரைகளில் இரவு ரோந்து போவதும், பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதும் பன்னிரண்டு பருவங்களாக என் வேலை. கடலுக்கு அடியில் என் அனுபவம் குறைவு. அதைப் பற்றி நான் சொல்வதில் பாதி, முக்குளித்து ஆய்வு செய்கிற நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஊரைத் தேடுவதற்கு முன்பு முடிவுசெய்ய வேண்டியது ஒன்று உண்டு: மணலில் பார்க்கப் போகிறீர்களா, தண்ணீரில் பார்க்கப் போகிறீர்களா? இரண்டும் ஒரே விலங்குதான், ஆனால் வேறு வேறு காட்சிகள். மணலில் ஏறி வருவது அநேகமாக முட்டையிட வரும் பெண் ஆமை மட்டுமே. ஆண் ஆமை குஞ்சாகக் கடலுக்குள் போனால் பிறகு கரையேறுவது மிக அபூர்வம். பெண்ணும் ஆண்டுதோறும் வருவதில்லை. பெரும்பாலான இனங்களில் இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். வருகிற ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் பல தடவை முட்டையிடும். ஆக, மணல் என்றால் பருவம் சரியாக அமைய வேண்டும், பெரும்பாலும் இரவாக இருக்க வேண்டும், கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். தண்ணீர் அப்படியில்லை. ஆமை மேயும் கடற்புல் திட்டுகளிலும் பவளப்பாறைகளிலும் ஆணும் பெண்ணும் இளசுகளும் ஆண்டு முழுக்க இருக்கும். அதே ஆமை அதே பாறையிடுக்கில் பல ஆண்டுகள் தங்கிவிடுவதும் உண்டு. முகத்தின் பக்கவாட்டுச் செதில்கள் ஒவ்வொரு ஆமைக்கும் வேறு வேறு மாதிரி அமைந்திருக்கும். அவற்றைப் படமெடுத்து ஒப்பிட்டுத் தனித்தனி ஆமையாக அடையாளம் காண்கிறார்கள். மாலத்தீவில் இந்த வேலை பெரிய அளவில் நடக்கிறது.

இதனால்தான் 'நிச்சயம்' என்று சொல்பவர் எல்லாருமே பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். மேய்ச்சல் இடத்துக்குப் பகலில் கூட்டிப்போகிறவர் ஏறக்குறைய நிச்சயம் என்றால் அது நியாயமான பேச்சு. முட்டையிடும் கரைக்கு உச்சப் பருவத்தில் கூட்டிப்போகிறவர் 'பெரும்பாலும் கிடைக்கும்' என்றால் அதுவும் நியாயம். மூன்றாவது வகை நிச்சயம் ஒன்று இருக்கிறது: தீனி போட்டு வரவழைத்த ஆமை, தொட்டியில் பிடித்துவைத்த குஞ்சு. விளம்பரத்தில் மூன்றும் ஒரே எழுத்தில்தான் அச்சாகிறது. எந்த நிச்சயம் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

எண்ணிக்கையே நிச்சயம் தருகிற கரைகளை முதலில் சொல்கிறேன். கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கரையில் உள்ள தோர்த்துகேரோ, அட்லாண்டிக் பகுதியிலேயே பேராமைகள் (பச்சை ஆமை என்றும் சொல்வார்கள்) அதிகம் முட்டையிடும் இடம். ஜூலை முதல் அக்டோபர் வரை பருவம். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இரவில் கரையில் கால் வைக்க முடியாது. ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேர்தான், கேமரா கூடாது. ஓமானின் கிழக்கு முனையில் ராஸ் அல் ஜின்ஸ்: அங்கும் பேராமைதான், ஆண்டு முழுக்க ஓரளவு வரும், கோடையில் மிகுதி. இரவு நடையைத் தவிர விடியற்காலை நடையும் உண்டு. தாமதமாக ஏறிய ஆமை முதல் வெளிச்சத்தில் கடலுக்குத் திரும்புவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் அந்த விடியல் நடையைத்தான் சொல்வேன். மலேசியாவின் சபா மாநிலத்தில் செலிங்கான் தீவில் ஓரிரவு தங்கினால், வனக்காவலர் 'வாங்க' என்று கூப்பிடும்வரை காத்திருந்து முட்டையிடுவதைப் பார்க்கலாம். அங்கே எல்லா மாதமும் ஆமை வருகிறது. ஏழுவரி ஆமை, அதாவது ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்திய, அரை டன்னைத் தாண்டக்கூடிய அந்தப் பெரிய உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிரினிடாடின் கிராந்த் ரிவியேர், மத்தூரா கரைகள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அனுமதிச் சீட்டோடுதான் நுழைய முடியும். ஒருமுறை பார்த்தவர் வேறு எதைப் பார்த்தாலும் 'ஆனாலும் அது…' என்று இழுப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

சிற்றாமை என்பது உருவில் சிறிய ஒரு கடலாமை இனம். அவை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறும் கூட்டு முட்டையிடலை ஸ்பானிய மொழியில் 'அரிபாடா' என்பார்கள். 'வந்து சேர்தல்' என்று பொருள். கோஸ்டா ரிக்காவின் ஒஸ்தியோனால், ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் அதைத் தேதி குறித்துக் கிளம்புகிறவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. ஒடிசாவில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் என்பது உறுதி. எந்த நாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. காற்று, நிலவின் தேய்பிறை, கரையின் வடிவம் என்று பல விளக்கங்கள் இருக்கின்றன, எதுவும் நாள்காட்டியில் வட்டமிடும் அளவுக்குத் துல்லியம் இல்லை. சில ஆண்டு கூட்டு முட்டையிடலே நடக்காமல் போயிருக்கிறது. போதாக்குறைக்கு, கஹிர்மாதாவின் முட்டையிடும் தீவுகளுக்கு அருகில் ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதால் பொதுமக்கள் அங்கே போகவும் முடியாது.

உலகிலேயே பேராமை அதிகமாக முட்டையிடும் இடமும் பொதுமக்களுக்கு மூடியதுதான். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வட முனையில் ரெய்ன் தீவு. உச்சப் பருவத்தில் அதைச் சுற்றி அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளை ட்ரோன் படங்களில் எண்ணியிருக்கிறார்கள். சுற்றுலா கிடையாது. ஆகவே 'உலகின் சிறந்த இடம்' என்று பட்டியலிடுபவர்கள் சொல்வதெல்லாம், நம்மை உள்ளே விடுகிற இடங்களில் சிறந்தது என்ற அளவில்தான்.

தண்ணீரில் பார்ப்பது பற்றி. மெக்ஸிகோவின் அகுமால் விரிகுடாவில் இடுப்பளவு ஆழத்தைத் தாண்டினாலே கடற்புல் மேயும் பேராமைகளைப் பார்க்கலாம். அந்தப் புகழே அதற்கு வினையானது. கூட்டம் தாங்காமல் 2016-ல் அதைக் கடல்வாழ் உயிர்களுக்கான புகலிடமாக அறிவித்துக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள். மலேசியாவின் சிபடான் தீவில் பேராமையும், பருந்தலகு போன்ற வாய் கொண்ட அழுங்காமையும் ஒரே முக்குளிப்பில் பல தடவை எதிர்ப்படும். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதி எண்ணித்தான் தருகிறார்கள், அது முக்குளிப்பவர்களுக்கான இடம். கிரேக்கத்தின் ஸாகிந்தோஸ் தீவில் பெருந்தலை ஆமைகளைப் பார்க்கப் படகுகள் போகின்றன. அங்கே ஒரு தேசியக் கடல் பூங்கா 1999 முதல் இருந்தும், மூச்சுவிட மேலே வந்த ஒரே ஆமையைச் சுற்றிப் பல படகுகள் வட்டமடிப்பது நின்றபாடில்லை. சுவாசிக்க வரும் ஆமையின் பாதையை மறிப்பது போன்ற கொடுமை வேறில்லை. அது நம்மைப்போல நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கு. நீருக்குள் போகிறவர்கள் ஆமைக்கு நேர் மேலே மிதக்காமல், பின்னாலிருந்து துரத்தாமல், பக்கவாட்டில் தள்ளி இருந்தால் அது மேய்ந்துகொண்டே இருக்கும். மேய்வதை நிறுத்தித் தலையைத் திருப்பியது என்றால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள்.

நீந்தத் தெரியாது என்பதற்காக ஒதுங்க வேண்டாம். ஹவாய்த் தீவுகளில் பேராமைகள் வெயில் காய மணலில் வந்து படுக்கும். கடலாமைகள் இப்படிப் பகலில் கரையேறிக் கிடப்பது உலகில் மிகச் சில இடங்களில்தான் நடக்கிறது. மௌயி தீவின் ஹோகிபா கரையில் மாலை நேரத்தில் பத்து இருபது ஆமைகள் பாறாங்கல் மாதிரி வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். உடல் சூட்டுக்காகவா, ஓய்வுக்காகவா, சுறாவுக்குப் பயந்தா என்பதில் இன்னும் விவாதம் உண்டு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம் என்பது என் ஊகம். பத்தடி தள்ளி நிற்கச் சொல்வார்கள். முதன்முறை பார்ப்பவர்கள் பலர் 'செத்துக் கிடக்கிறது' என்று பதறி, அதைத் தண்ணீருக்குள் தள்ளப் போவார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள்.

இனி அந்த மூன்றாவது வகை 'நிச்சயம்'. தீனி போட்டு வரவழைப்பது கரீபியன் தீவுகள் சிலவற்றில் நடக்கிறது. இலங்கையின் ஹிக்கடுவையில் பயணிகள் கடற்பாசியைக் கையில் நீட்டுகிறார்கள். 'பாசி அதன் உணவுதானே, என்ன கெடுதல்?' என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். உணவில் கெடுதல் இல்லாமல் இருக்கலாம். கையையும் படகையும் உணவோடு சேர்த்துப் பார்க்கப் பழகிய ஆமை அடுத்த படகின் சுழலிக்கும் அருகில் வருகிறது, விரலையும் கடிக்கிறது. நீண்ட காலத்தில் அதன் ஆயுளை இது எவ்வளவு குறைக்கிறது என்பதற்குத் தெளிவான கணக்கு இல்லை. ஆனால் இயல்பு மாறுகிறது என்பதில் சந்தேகமில்லை. இயல்பு மாறிய ஆமையைப் பார்க்கவா நீங்கள் போகிறீர்கள்?

பொரிப்பகங்களை அப்படி ஒரே வரியில் ஒதுக்க முடியாது. அலையடித்துக்கொண்டு போகும் இடத்திலும் நாய் தோண்டும் இடத்திலும் இட்ட முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்து, பொரிந்த அன்றே குஞ்சுகளைக் கடலில் விடுகிற பொரிப்பகம் நல்ல வேலை செய்கிறது. குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டியில் வைத்து, வருகிற பயணியெல்லாம் கையில் தூக்கிப் படமெடுத்து 'விடுதலை' செய்யும் இடம் வேறு. முட்டையை விட்டு வெளியே வரும்போது குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் முதல் ஓரிரு நாள் நிற்காமல் நீந்திக் கரையோர ஆபத்தைக் கடக்க அதற்கு இருக்கும் எரிபொருள். தொட்டிச் சுவரில் முட்டி முட்டி அது அங்கேயே தீர்ந்துபோகிறது. எப்படி அடையாளம் காண்பது? 'குஞ்சு எப்போது விடுவீர்கள்?' என்று கேளுங்கள். 'நீங்கள் வரும் நேரம் சொல்லுங்கள், அப்போது விடலாம்' என்றால் திரும்பிவிடுங்கள். இதற்கு நேர்மாறான உதாரணம் டெக்சாஸின் பாட்ரே தீவு: அழியும் விளிம்புக்குப் போய், இன்னும் முழுதாக மீளாத கெம்ப் சிற்றாமையின் குஞ்சுகளை ஜூன் பாதி முதல் ஆகஸ்ட் வரை விடியலில் விடுவதைப் பொதுமக்கள் பார்க்கலாம். கட்டணம் இல்லை. குஞ்சுகள் தயாரானால்தான் அறிவிப்பு வரும், இல்லையென்றால் இல்லை.

நல்ல இரவு நடை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரத்தை வைத்துத் தெரியாதது கரையில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வழிகாட்டி உங்களை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு முன்னால் தனியாகப் போவார். நீங்கள் இருட்டில், கொசுவோடு, ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ காத்திருப்பீர்கள். அலுப்பாக இருக்கும். அந்த அலுப்புதான் ஆமைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு. கடலிலிருந்து ஏறும்போதும், இடம் தேடும்போதும், உடலுக்குப் பள்ளம் பறிக்கும்போதும் அது மிகவும் மிரளும். ஒரு நிழல் அசைந்தால் போதும், முட்டையிடாமலே திரும்பிவிடும். பின்துடுப்புகளால் குடம்போல ஒரு குழி தோண்டி முடித்து, முட்டை விழத் தொடங்கிய பிறகு, தன்னை மறந்த ஒரு நிலைக்குப் போகிறது. அப்போதுதான் வழிகாட்டி வந்து உங்களைக் கூப்பிடுவார். பின்பக்கமாகக் கூட்டிப்போய், மங்கலான சிவப்பு விளக்கை முட்டைகளின்மேல் மட்டும் காட்டுவார். நூற்றுச்சொச்சம் முட்டைகள், இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, ஈரமாக விழும். கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து 'அழுகிறது' என்று ஒருவராவது சொல்வார். அது உடலின் அதிக உப்பை வெளியேற்றும் சுரப்பியின் வேலை, வலியில் வரும் கண்ணீர் இல்லை. பேராமை என்றால் ஏறியதிலிருந்து மூடி மறைத்துத் திரும்பும்வரை இரண்டு மணி நேரம்கூட ஆகும்.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பக் காலத்தில் ஒரு குழுவுக்கு எல்லா விதிகளையும் சொன்னவன், கைக்கடிகாரத்தை மறந்துவிட்டேன். ஒருவர் மணி பார்க்கக் கையைத் திருப்பினார். திரை பளிச்சென்று எரிந்தது. பத்தடி தூரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஆமை நின்றது, ஒரு அரைவட்டம் போட்டது, வந்த வழியே போய்விட்டது. அன்றிரவு வேறு ஆமை வரவில்லை. அந்த மனிதர் கடைசிவரை தலை நிமிரவே இல்லை. தவறு அவருடையது இல்லை.

இப்போது உங்கள் ஜனவரிக்கு வருவோம். தோர்த்துகேரோ, ஸாகிந்தோஸ், டிரினிடாட், டெக்சாஸ் எல்லாம் பருவம் இல்லை. ஒடிசாவுக்குச் சற்று முந்திவிடுகிறீர்கள். ஓமானில் குறைவு. உங்கள் நிலையில் நான் இருந்தால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பண்டபெர்க் நகரை ஒட்டிய மோன் ரெபோ கரைக்குப் போவேன். தென் பசிபிக்கில் பெருந்தலை ஆமைகள் அதிகம் கூடும் கரை அது. 1968 முதல் தொடர்ந்து ஆய்வு நடக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை முட்டையிடல், ஜனவரி முதல் மார்ச் வரை குஞ்சு வெளிவருதல். ஆக ஜனவரியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. ஒரே இரவில் தாயையும் குஞ்சையும் பார்க்கிற வாய்ப்பு அந்த மாதத்தில்தான். வனக்காவலர்கள் குழுகுழுவாக அழைத்துப்போவார்கள். முன்பதிவு கட்டாயம், பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அலையெட்டும் இடத்தில் இட்ட முட்டைகளை உடனே மேட்டுக்கு மாற்றும்போது சில இரவுகளில் பார்வையாளர்களையும் சுமக்கக் கூப்பிடுவது உண்டு. இதை இட்ட சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும், பிறகு கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் இறந்துவிடும். உங்கள் மகனுக்கு அது வாய்த்தால் நான் பொறாமைப்படுவேன். அவனிடம் இதையும் சொல்லுங்கள்: அங்கே கடலுக்குள் ஓடும் குஞ்சுகள் நீரோட்டத்தில் ஏறிப் பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கக் கரை வரைக்கும் போகின்றன, முட்டையிடத் திரும்பி வரும்போது அவனுக்கு ஏறத்தாழ நாற்பது வயது ஆகியிருக்கும்.

ஆமை வராத இரவு அங்கும் உண்டு. நள்ளிரவு தாண்டிக் கூப்பிடுவதும் உண்டு. அதனால் ஓரிரவை நம்பாமல் இரண்டு இரவுக்குப் பதிவுசெய்து, நடுவில் ஒரு பகலை லேடி எலியட் தீவுக்கு வையுங்கள். பண்டபெர்க்கிலிருந்து சிறு விமானத்தில் போகலாம். சுற்றிலும் பவளப்பாறை, ஆண்டு முழுக்க ஆமைகள். அடிப்பக்கம் கண்ணாடி போட்ட படகில் உட்கார்ந்தபடியே கீழே மேய்வதைப் பார்க்கலாம், நீச்சல் தேவையில்லை. மகன் நீந்துவான் என்றால் ஆழம் குறைந்த காயலில் மிதவைச் சட்டையோடு இறக்கலாம். ஜனவரி அங்கே மழைக்காலம், புயலும் வரலாம். விமானம் ஒருநாள் தள்ளிப்போக இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

நீங்கள் பார்த்த விளம்பரக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: ஆமை என்ன செய்துகொண்டிருக்கும்போது எங்களுக்குக் காட்டுவீர்கள், ஒரு ஆமையைச் சுற்றி எத்தனை பேர் நிற்போம், வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'மறுநாள் வாருங்கள்' என்றோ 'பணத்தைத் திருப்பித் தருவோம்' என்றோ பதில் வந்தால் பரவாயில்லை. 'வராமல் இருக்காது' என்று மட்டும் வந்தால், இரண்டாவது மின்னஞ்சல் வேண்டாம். மகனுக்கு அடர்நிற உடை, முழுக்கைச் சட்டை, ஒளிராத செருப்பு. அடியில் விளக்கு மின்னும் குழந்தைச் செருப்பால் ஒரு குழுவே திரும்ப வேண்டியதாயிற்று. இரவு நடைக்குப் போகும் நாளில் மதியம் அவனைக் கட்டாயம் தூங்கவையுங்கள்.